பெஞ்சில் இன்னும் இடமிருக்கிறது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகல், மணி மூன்று. என் வீட்டில், என் கண் முன்னால்.

பழைய பத்திரிகைப் படங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். அன்று கையில் இருந்தது ஒரு பெரியவர் கொடுத்த அட்டைப்படம். ஜன்னலோரம் ஒரு பெஞ்ச். அதன் நடுவில் ஒரு பெண், கன்னத்தில் கை வைத்து, வெளியே பார்த்தபடி பகல் கனவில் இருக்கிறாள். அவள் பார்க்கும் ஜன்னல் முழுக்க நீல மை கொட்டிக் கிடந்தது.

என் தங்கையை வாலு என்றுதான் கூப்பிடுவோம். காலில் சக்கரம் கட்டியவள். அன்றும் என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து உயிரை வாங்கினாள்.

"கொஞ்ச நேரம் சும்மா உட்காரேன்டி!"

"அந்தக்கா ஜன்னல முதல்ல தொறந்து விடு. உட்கார்றேன்."

சிரித்துக்கொண்டே மையை அழித்தேன். ஜன்னலுக்கு வெளியே எதுவும் வரைந்திருக்கவில்லை. வெறும் வெள்ளை.

வீடு அமைதியானது. நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது... வாலு இருக்கும் வீட்டில் இத்தனை அமைதியா?

திரும்பினேன். எங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை.

"ஏய்..."

ஒரு ஈ அவள் இமை மேல் ஊர்ந்தது. கண் மூடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

டிக்... டிக்... சுவர்க் கடிகாரம் மட்டும்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள்.

பக்கத்தில் இடம்.

ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு...

அழித்த மையைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஜன்னல் மூடியது.

"என்னண்ணா, ஏன் அழற?" என்றாள் வாலு.

படத்தில் அந்தப் பெண் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பெரியவருக்கு போன் செய்தேன். கறை போகவில்லை என்று பொய் சொன்னேன்.

"கறை இல்ல தம்பி. எங்கக்கா காணாமப் போன அன்னிக்கு எங்கம்மா ஊத்தின மை. அக்கா அங்க என்னத்தப் பாக்கறானு நான் கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும். அதான் உங்ககிட்ட கொடுத்தேன்."

"அக்காவா? எந்த அக்கா?"



"அந்தப் பத்திரிகைய வாங்கினப்ப, பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு."

வாலு இப்போதும் வீட்டைச் சுற்றி ஓடுகிறாள். அவள் சத்தம் நின்றால், எங்கிருந்தாலும் ஓடி வந்து பார்க்கிறேன்.