எல்லை தாண்டி வந்த வெறும் போத்தல்கள்

வெறும் போத்தலை வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிற வேலையில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் சேர்ந்தேன். வங்கியோ, தபால் கந்தோரோ, சங்கக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று சனத்தின் முகத்தைப் பார்த்து "இது ஏலாது" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு நான் பட்ட பாடு விளங்கும்.

முறை இதுதான். எங்கள் மாவட்டத்தில் தண்ணீரோ சோடாவோ பிளாஸ்டிக் போத்தலில் வாங்கினால் பத்து ரூபாய் கூடக் கொடுக்கவேண்டும். வெறும் போத்தலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் நிலையத்தில் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். வேறு மாவட்டங்களில் இது இன்னும் வரவில்லை. இங்கே ஒரு வருடம் நடத்திப் பார்க்கிறார்கள். சரிவந்தால் என் வேலை நிரந்தரம். சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிற எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். பட்டம் எடுத்தபிறகு வீட்டில் நெடுநாள் சும்மா இருந்து கிடைத்த வேலை என்பதால் எனக்குக் கனவிலும் போத்தல்தான்.

கொழும்பிலிருந்து வந்த அழைப்பு

முதலில் சிறு ஆட்கள்தான் வந்தார்கள். நிலாவெளிக் கடற்கரையில் போத்தல் பொறுக்குகிற மேரி அக்கா, சாப்பாட்டுக் கடைக்காரர், சீருடையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு திடீரென்று மூட்டை மூட்டையாக வரத் தொடங்கியது. சனம் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டு நான் மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினேன்.

அறிக்கையைப் படித்த மனேஜர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். மாவட்டத்தில் விற்ற போத்தலைவிட நான் திருப்பி வாங்கிய போத்தல் கூடவாம். அப்படியென்றால் யாரும் கட்டாத பத்து ரூபாயை நாங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மாத முடிவுக்குள் இது நிற்காவிட்டால் நிலையத்தைப் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டு, கோபமா பகிடியா என்று தெரியாத குரலில் கேட்டார்:

"மிஸ், உங்கட ஊரில போத்தல் குட்டி போடுதா?"

நான் ஒட்டிய அறிவித்தல்

மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தேன். பல போத்தல்களுக்குள் செம்மண் ஒட்டியிருந்தது. கடற்கரை ஊரில் ஏது செம்மண், இது வெளியிலிருந்து வருகிறது, விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். எல்லாருக்கும் நியாயமாக இருக்கவேண்டும் என்பதற்காக அழகான எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டினேன்: "வெளிமாவட்டப் போத்தல்கள் ஏற்கப்படா. செம்மண் இருந்தால் வெளிமாவட்டம் எனக் கருதப்படும். கடல் மணல் இருந்தால் உள்ளூர்." எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "எங்கட மண் என்ன வெள்ளையே, பிள்ளை?" என்று சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்தவே ஒரு காலைப்பொழுது போனது.

ஆனால் அடுத்த வாரமே செம்மண் அடியோடு நின்றுவிட்டது. வந்த மூட்டைகளில் எல்லாப் போத்தலுக்குள்ளும் ஒரு கரண்டி மணல். மேலே நல்ல மீன் வாடை. ஆகக்கூடுதலாகக் கொண்டுவந்தவர் ராசன் அண்ணன். எங்கள் ஊர் மீனை லொறியில் தம்புள்ளைக்கு ஏற்றிப் போகிறவர், என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அறிவித்தலை நின்று நிதானமாகப் படித்துவிட்டுப் பாராட்டினார்:

"இப்பிடி விளக்கமா எழுதி ஒட்டினாத்தானே தங்கச்சி சனத்துக்கு விளங்கும்!"

வாயில் போட்ட மணல்

ஒருநாள் அவர் கொண்டுவந்த போத்தல் ஒன்று என் கையில் மூடி கழன்று, மேசையில் மணல் கொட்டியது. துடைக்கப் போனவள் நின்றுவிட்டேன். பருக்கை பருக்கையான மணல். சிப்பித் தூள் ஒரு பொட்டும் இல்லை. கடற்கரையில் பிறந்தவளால் அதற்குமேல் எப்படிச் சும்மா இருக்க முடியும்? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. ஆற்று மணல், வீடு கட்ட அள்ளுகிற மணல்.

செம்மண்ணைக் கழுவிவிட்டு மணலைப் போட்டிருக்கிறார்கள்! எப்படி ஏமாற்றவேண்டும் என்று நானே வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்! வரிசையில் முதலாவதாக நின்ற மேரி அக்கா என் வாயையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்:

"பசிக்குதெண்டாச் சொல்லு பிள்ளை, பாண் வேண்டித் தாறன்."

லொறிக்குள்

வெளியே ஓடிப்போய் லொறியின் பின்கதவைத் திறந்து பார்த்தேன். மீன் பெட்டிகள் நிறைய வெறும் போத்தல்கள். ராசன் அண்ணன் ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. மாகாண எல்லைக்கு அங்கால, ஹபரணை ஹோட்டல்களில் சுற்றுலாக்காரர் குடித்துவிட்டு எறிகிற போத்தல்களாம். அங்கே அதற்கு ஒரு சதமும் இல்லை. லொறி எப்படியும் வெறுமனேதான் திரும்புகிறது என்றார்.

"நீங்கள் செய்யிறது களவு அண்ணை. இதால நிலையத்தைப் பூட்டப் போகினம்" என்றேன். அவருக்குத்தான் மனம் நொந்துவிட்டது:

"குப்பை பொறுக்கிறது எப்ப தங்கச்சி களவாச்சுது?"

அப்பாவின் கவலை

என்னை உண்மையில் உலுக்கியவை அந்தப் பெட்டிகள். மூடியில் அப்பாவின் பெயரின் முதலெழுத்து, நானே பெயின்டால் எழுதியது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஓம், பெட்டி கொடுத்தது தான்தான், போத்தல் விஷயமும் தெரியும் என்று தலை நிமிராமல் சொன்னார்.

என் வேலை போகும் என்று அழுதேன். மேரி அக்காவின் பிழைப்பும் போகும் என்றேன். மணலை நாக்கில் வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். அப்போதுதான் அவர் ஊசியைக் கீழே வைத்தார். முகத்தில் மெய்யான கவலை:

"ஆத்து மணலையே போட்டவன்? விசரன்! என்னட்டக் கேட்டிருந்தா நல்ல கடல் மணல் குடுத்திருப்பனே!"

ஒற்றைப் போத்தல்

அடுத்தநாள் மனேஜருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி யாருடையது என்பதையும் சேர்த்து. இப்போது இங்கே விற்கிற போத்தலுக்கு மட்டும் கழுத்தில் ஒரு முத்திரை உண்டு. அது இல்லாததை வாங்குவதில்லை. ராசன் அண்ணன் அப்பாவின் மீனை ஏற்ற மறுத்துவிட்டார். அப்பா மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார், என்னோடு கதைக்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

போன கிழமை லொறி நிலைய வாசலில் நின்றது. ராசன் அண்ணன் ஒரே ஒரு போத்தலோடு இறங்கினார். பின்னால் சந்திக் கடை முதலாளி, கடையைப் பூட்டிவிட்டு வந்த எரிச்சலோடு. லொறிக்குள் எட்டிப் பார்த்தேன். என் எழுத்து போட்ட பெட்டி, அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் அப்பாவின் மீன். முத்திரையைப் பார்த்துப் பத்து ரூபாயைக் கொடுத்தேன். அவர் விடவில்லை:

"வடிவாப் பாரும் தங்கச்சி. இஞ்ச வேண்டி, இஞ்ச குடிச்சது. வித்தவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன், வேணுமெண்டா அவனையும் நக்கிப் பாரும்!"

நிலையம் திறந்திருக்கிறது, மேரி அக்கா வருகிறார், என் வேலையும் நிரந்தரமாகப் போகிறது. ஆனால் இவ்வளவு நடந்தும் இந்த மாவட்டத்தில் அதிர்ச்சியடைந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்பதுதான் இன்னும் எனக்குச் செமிக்காத அதிர்ச்சி.