அண்ணி தராத பத்து நிமிடம்

போனை எடுத்ததும் அண்ணியின் குரலுக்கு முன்னால் மழைதான் கேட்டது, தகரக் கூரையில் சரளைக் கல்லைக் கொட்டுவது போல. இரத்தினபுரியில் என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகமூட்டம். பிற்பகல் இரண்டு மணி இருக்கும்.

"தம்பி, உங்க பெட்டி என்னா சொல்லுது?"

திரையைப் பார்த்தேன். "பூஜ்யம்னு காட்டுது அண்ணி."

"இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. பூஜ்யமாம்!"

அண்ணி, ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டடத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. முந்தைய ஆண்டு மழையில் அதில் வெடிப்பு கண்டதால், மழைமானியும் அதனுடன் இணைந்த சின்னக் கணினிப் பெட்டியும் அங்கே பொருத்தியிருந்தோம். மண்சரிவைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகக் கணினி கால் மணிக்கு ஒருமுறை தொலைபேசி வழியாக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, பெய்த மழையின் அளவைக் கேட்டு வரும். அளவு எல்லையைத் தாண்டினால் தோட்ட நிர்வாகியான தொரைக்கு நாங்கள் அறிவிக்க வேண்டும். அவர் உத்தரவிட்ட பிறகே, சரிவை ஒட்டித் தொழிலாளர்கள் குடியிருக்கும் இரண்டு லயங்களையும் காலி செய்வார்கள். பெட்டியை அமைத்தவன் நான்.

மழைமானியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். இலை ஏதாவது அடைத்திருக்கிறதா என்று கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் பேசுறேன். தண்ணி நல்லா எறங்குது. பெட்டியில பச்ச லைட்டும் எரியுது. பின்னால செவத்தடியில சேறு கசியுது தம்பி. நீங்க தொரைக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

பூஜ்யத்தை வைத்துக்கொண்டு தொரையிடம் என்ன சொல்வது? "பத்து நிமிஷம் குடுங்க அண்ணி, என்னான்னு பாத்துர்றேன்" என்றேன். அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, இணைப்பு அறுந்தது.

நானே பெட்டிக்குள் நுழைந்து மழையளவைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். உடனே எண் வந்தது. எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. எனக்குச் சொல்லும் பெட்டி அலுவலகக் கணினிக்கு மட்டும் ஏன் பூஜ்யம் சொல்கிறது? தொரையை அழைத்தேன். "ஸ்கிரீன்ல சீரோன்னு காலையில சொன்னீங்களே, இப்ப எது சரி?" என்றார். எது சரியென்று எனக்கே உறுதியில்லை. இரண்டு நிமிடம் தரும்படி கேட்டுவிட்டு வைத்தேன்.

அலுவலகக் கணினி கேட்பது போலவே, உள்ளே தங்காமல், வெளியிலிருந்து ஒரே வரியில் கட்டளையை அனுப்பிப் பார்த்தேன். 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று வந்தது. அப்போதுதான் முந்தைய நாள் செய்த மாற்றம் உறைத்தது. பெட்டியில் நினைவகம் போதாமல், வெளியாரை உள்ளே விடும் லாகின் சர்வரை எடுத்துவிட்டு இலேசான வேறொன்றைப் போட்டிருந்தேன். கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல் அதனுடைய இயல்பு அமைப்பில் மிகச் சிறியது. எங்கள் நிரல் இருந்த கோப்புறை அதில் இல்லை. கையால் நுழையும்போது பெட்டி தன் தொடக்கக் கோப்பைப் படித்து அந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ளும். அலுவலகக் கணினி நுழையும்போது அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. நான் சோதித்தது கையால் மட்டும். முந்தைய நாள் மழையும் இல்லாததால் திரையில் தெரிந்த பூஜ்யம் உண்மை போலவே இருந்தது.

நிரல் இருக்கும் இடத்தின் முழு முகவரியோடு கட்டளையை அனுப்பினேன். அதே எண் வந்தது. தொரையிடம் உறுதியாகச் சொன்னேன். தோட்டத்தில் அபாயச் சங்கு ஊதப்பட்டது. இரண்டு லயங்களிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். அண்ணியின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

சிறிது நேரத்தில் பெட்டியும் பேசாமல் போனது. சரிவு பிள்ளைக்காம்பராவின் பின்சுவரை உடைத்து, தொட்டில்கள் கட்டியிருந்த அறையை மண்ணால் நிரப்பியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. நான் கேட்ட பத்து நிமிடத்தை அண்ணி தரவில்லை. மழைக்கு ஒதுங்கிய இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, உத்தரவுக்குக் காத்திராமல், பன்னிரண்டு பிள்ளைகளையும் அப்போதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். எண் எதுவும் வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளும்படி நிரலில் ஒரு வரி இருந்ததையும், அதை எழுதியவன் நானே என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி நிமிரவில்லை.

"தெரியலன்னு சொல்ல அதுக்குத் தெரியாதா?"

"நாந்தான் சொல்லிக் குடுக்கல அண்ணி."

அண்ணி அடுத்த கவளத்தை உருட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ பெட்டிகளை அமைத்திருக்கிறேன். யாரும் அண்ணியைப் போலச் சோதித்ததில்லை. அந்த மண்சரிவுக்குச் சில மாதம் கழித்து வேறு மேட்டில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டி, புதிய பெட்டியும் வைத்தோம். திறக்கும் நாளில் நான் இரத்தினபுரியில் திரை முன்னால் இருந்தேன். அண்ணி போனைக் காதில் வைத்தபடி மழைமானியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். எண் ஏறியது, சொன்னேன். பிறகு ஏதோ இழுபடும் சத்தம்.

"இப்ப ஒயரப் புடுங்கிட்டேன். என்னா காட்டுது?"

அடுத்த முறை கணினி கேட்டு வரும் வரை இருவரும் போனை வைக்காமல் காத்திருந்தோம்.

"தெரியலன்னு காட்டுது அண்ணி."

"சரி" என்றார். "அப்ப புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாறேன்."