மடித்துவிட்ட தூண்

புடவையைத் தவிர வேறு எதையும் என் வீட்டுக்காரர் நெய்து நான் பார்த்ததில்லை. அறுபதுகளின் கடைசியில், மெட்ராஸில் சிற்பம் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து, பட்டு நூலில் ஆள் உயரத் தூண் ஒன்று நெய்து தரச் சொன்னார். உள்ளே கட்டை, கம்பி எதுவும் கூடாதாம். கண்காட்சியில் அது தானாக நிற்க வேண்டுமாம்.

இவர் சிரிக்கவில்லை. கழிவுப் பட்டு நூலைத் தடிமனாக முறுக்கி, தறியில் மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இரண்டின் ஓரமும் சேர்ந்துகொள்ளும்படி ஒன்றரை மாதம் நெய்தார். அறுத்து எடுத்ததும் பெரிய குழாயாக விரிந்தது. பாவு நூலுக்கு விறைப்பாகப் போடும் அரிசிக் கஞ்சியையே கெட்டியாகத் தடவி, இரண்டு டிரம்மை அடுக்கி அதன்மேல் மாட்டிக் காயவைத்தார். கழற்றி வைத்தபோது நின்றது.

"நூத்துக்கால் மண்டபத்துக்கு நூத்தியொண்ணாவது காலு" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அஞ்சாம் கிளாஸோடு நூல் சுற்ற வந்தவள் நான். நெய்து முடித்த பட்டு வெளியில் கிடந்தால் உடனே மடித்து வைத்தாக வேண்டும் எனக்கு. கஞ்சி வாசத்துக்கு எலி வருமே, அடுப்புப் புகை படியுமே. அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள், இவர் கடைக்குப் போன நேரத்தில், புடவை மாதிரியே நாலாக மடித்து, பழைய வேட்டியில் சுற்றி, மேலே பலகை வைத்து அமுக்கிவிட்டேன். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் இவரிடம் சொன்னேன்.

காலையில் வேட்டியைப் பிரித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாமே பண்ணி வச்சிருக்குற?"

"எலி கடிச்சிடும்னு..."

"தூண யாருனா மடிப்பாங்களா?"

அழுதுகொண்டே, கஞ்சி இளகட்டும் என்று தண்ணீர் தெளித்தேன். இரவல் டிரம்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், இவரே தூணுக்குள் நுழைந்து கைகளைத் தூக்கி, அகட்டி நின்றுகொண்டார். வெளியிலிருந்து கஞ்சி பிரஷ்ஷால் மடிப்புகளை நீவினேன். காயும்வரை வெளியே வர முடியாது.

"மூச்சு வுட முடியுதாங்க?"

"முடியுது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"செத்துட்டேன், போ."

வெயில் ஏறியபோது அந்த அம்மா வந்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். நான் தூணைக் காட்டினேன். தூண், "வாங்கம்மா" என்றது.

நாங்கள் இருவரும் தூணைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, இவர் குனிந்து மெல்ல வெளியே வந்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று மடிப்புக் கோடுகளும் போகவே இல்லை.

"நான்தான்மா மடிச்சேன். இவரு மேல தப்பு இல்ல" என்றேன்.

அந்த அம்மா கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். "நிக்குதேம்மா, அது போதும். மெட்ராஸ் வரைக்கும் மடிக்காம எப்படிக் கொண்டுபோறது?"

பஸ்ஸில் இவர்தான் அதைக் கட்டிப்பிடித்து நின்றபடியே போனார். கூரை மேல் போடச் சொன்ன கண்டக்டரிடம் மாட்டேன் என்றாராம். சாயங்காலம் திரும்பி வந்து, அங்கேயும் நிற்கிறது என்று இவர் சொன்ன பிறகுதான் நான் சோறு சாப்பிட்டேன்.