சார்வாள் காய்ச்சிய திராட்சரசம்

ஒயினைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தம்ளரைப் பற்றித்தான். பித்தளைத் தம்ளரில் ஊற்றாதீர்கள். ஈயம் பூசியதாக இருந்தாலும் வேண்டாம். ஒயினின் புளிப்பு பட்டுக் களிம்பு வாடை கிளம்பிவிட்டால், நல்ல சரக்கு எது, மட்டமான சரக்கு எது என்று நாக்குக்குத் தெரியாது. கண்ணாடித் தம்ளர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீடு சைவ வீடு. என் தம்ளர் மாட்டுத் தொழுவத்து உத்தரத்தில், பழைய வேட்டித் துண்டில் சுற்றியபடி இருந்தது. அது அங்கே இருப்பது என் மனைவிக்குத் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதை எடுத்துத் தள்ளி வைப்பாள். சுவர் காய்ந்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே விட்டிருப்பேனோ என்னவோ.

இதெல்லாம் ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நாலு வருஷம் முந்திய கதை. நான் அப்போது ஒரு பஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தா, குடியிருந்தது பாளையங்கோட்டையில். மாதம் ஒருமுறை கம்பெனி வேலையாகத் தூத்துக்குடிக்கு ரயிலேறுவேன். அங்கே கப்பல்காரர்களுக்குச் சாமான் கொடுக்கிற கடையில் ஒரு புட்டி வாங்கி, பஞ்சு சாம்பிள் பொட்டலங்களுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுவருவேன். அடுத்து வருகிற சனிக்கிழமை பிற்பகல், ஆற்றங்கரையில் ஒரு வாழைத்தோப்பில் மூன்று பேர் கூடுவோம். தோப்பு எங்கள் வக்கீல் நண்பருடையது. மூன்றாவது ஆள் மராமத்து இலாகா ஓவர்சியர். புட்டியைப் பத்தமடைப் பாய்த் துண்டில் சுற்றிக் கயிறு கட்டி, தாமிரபரணியில் ஒரு மணி நேரம் இறக்கி வைப்போம். மூன்று பேருக்கு ஒரு புட்டி, விளக்கு வைப்பதற்குள் அவரவர் வீடு. நாங்கள் குடிகாரர்கள் இல்லை என்று சொல்லிக்கொள்ள அந்த ஒழுங்கு ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

எங்களைப் போலக் கொஞ்சமாகக் குடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது போர்ட் என்கிற இனிப்பு ஒயின். விலை மலிவான போர்ட்டே போதும். துரைமார் வாங்குகிற பழைய போர்ட்டை நான் இரண்டு தடவை ருசி பார்த்திருக்கிறேன். கூடக் கொடுக்கிற பணம் புட்டியின் மேல் ஒட்டின காகிதத்துக்குத்தான் போகிறது. போர்ட்டுக்குத் துணை உப்புச் சீடை. முந்திரியும் இனிப்பும் வைத்துக்கொண்டால் திகட்டிவிடும். கிளாரட் என்று ஒன்று விற்பார்கள், சிவப்பாக, தண்ணீர் போல. அது எங்கள் வெயிலுக்குத் தாங்காது. நாலு கிளாரட்டில் மூன்று காடியாகத்தான் வந்து சேரும். அகப்பட்ட அந்த நாலாவது, வாழைக்காய் பஜ்ஜியோடு வெகு நன்றாக இருக்கும். இஞ்சி ஒயினை ஒயின் என்று சொன்னால் வக்கீலுக்குக் கோபம் வரும், ஆனால் ஐப்பசி மழைக்கு அதைப்போல் வேறில்லை. ஓவர்சியருக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும். அவர் அபிப்பிராயத்தை நாங்கள் கேட்பதே கிடையாது.

எங்கள் மூவரைத் தாண்டியும் என் பேர் பரவியிருந்தது. தபாலாபீஸ் குமாஸ்தா, ரயில்வே பார்சல் ஆபீஸ் ஐயா என்று யாராவது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மருமகனுக்கு வாங்கவேண்டும், மருந்துக்கு வாங்கவேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்பார்கள். நானும் நம்புவதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளதைச் சொல்லுவேன். நானே பணம் கொடுத்து வாங்கிய சரக்கு கெட்டுப்போயிருந்தாலும் கெட்டது என்று சொல்லி வாழை மூட்டில் கொட்டியிருக்கிறேன். மற்ற விஷயங்களில் நான் பெரிய சத்தியசந்தன் அல்ல. ஆபீசுக்குத் தாமதமாகப் போன நாட்களில் செத்துப்போன உறவினர்கள் எனக்கு ஏராளம். ஆனால் புட்டி விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் எதிர்வீட்டில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். தெரு முழுக்க அவரைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. மாதம் பிறந்த முதல் நாள், ஒரு சத்தியப் பிரமாண அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். மருந்துக்கும் தேவநற்கருணைக்கும் அன்றி மதுவைத் தொடுவதில்லை என்று அதில் அச்சிட்டிருக்கும். கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கும். நான் மரியாதையாக வாங்கிப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்வேன். அவருக்கும் அது தெரியும். அடுத்த மாதம் புது அட்டை வரும். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, என்னைக் குடிகாரன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்கள் தொடங்கும் முன் அவர் தம்முடைய சபைக் கமிட்டியில் ஒரு வாதம் செய்து ஜெயித்தார். கோயிலில் சபையாருக்கு ஆளுக்கு ஒரு வாய் கொடுக்கிற நற்கருணை ரசத்துக்குச் சாராயக்கடைச் சரக்கு எதற்கு, காய்ந்த திராட்சையைக் காய்ச்சிப் போதையில்லாத ரசம் நானே செய்து தருகிறேன் என்றார். கமிட்டியில் பாதிப்பேர் சிரித்தார்களாம். ரசத்தில் போதை இருந்தால் சங்கத்துக் காரியதரிசிப் பதவியை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னபிறகுதான் சபைக் குருவான ஐயர் சம்மதித்தாராம். அன்று முதல் ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளுக்கு மேல் அவர் வீட்டு அடுப்படி மூலையில் ஒரு பானை துணி கட்டி இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அட்டை இல்லை, துணியால் மூடிய ஒரு செம்பு இருந்தது.

"பிள்ளைவாள், இதக் கொஞ்சம் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார்.

"நானா?"

"நான் குடிக்கப்படாதுல்லா. கோயில்ல ஐயரு குடுத்தாக் குடிக்கலாம், வீட்டுல வச்சு ருசி பாக்கதுக்கு அட்டையில எடமில்ல. எங்க சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டவங்க. இந்த ஊருல இதத் தெரிஞ்சவரு நீரு ஒருத்தருதான்."

"என்ன தெரியணும்?"

"போதை இருக்கா, இல்லையா. அது ஒண்ணுதான்."

தொழுவத்துக்குப் போய்த் தம்ளரை எடுத்துவந்தேன். ஊற்றும்போதே பழைய தேனின் நிறத்தில் இறங்கியது. ஒரு மடக்குக் குடித்தேன். முதலில் இனிப்பு, பின்னால் மெல்லிய புளிப்பு, அப்புறம் தொண்டையிலிருந்து மார்புவரை ஒரு கதகதப்பு. இன்னொரு மடக்கும் குடித்தேன், சந்தேகத்தினால் அல்ல. தூத்துக்குடிக் கடையில் அப்படி ஒரு சரக்கை நான் வாங்கியதே இல்லை.

"எந்தப் பானையில வச்சீரு சார்வாள்?"

"பனையேறி வீட்டுல வாங்கின பழைய பானை. புதுசுல மண்ணு வாடை அடிக்குமே, அதான் பழகின பானையா வாங்கினேன். நல்லாக் கழுவிட்டேன்."

எனக்கு விளங்கிவிட்டது. வருஷக்கணக்காகக் கள் இறக்கின பானை அது. எத்தனை கழுவினாலும் அதன் புளிக்கவைக்கும் குணம் மண்ணுக்குள்ளேயே இருக்கும். கள் குடித்திருக்கிற எவனும் அதில் சாற்றை வைக்கமாட்டான். குடிக்காத மனிதருக்குத்தான் அந்தத் தவறு நேரும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது நாள் உபவாசத்தில் இளைத்த முகம். போதை இருக்கிறது என்று சொன்னால் அப்போதே கமிட்டியில் போய்ச் சொல்லிப் பதவியை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். விடிந்தால் பண்டிகை, கோயிலில் வேறு ரசமும் கிடையாது. ஆளுக்கு ஒரு வாய்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். இரக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசி சபைக்கே ஒயின் வார்க்கப்போகிறார் என்ற வேடிக்கையும் உள்ளே கொஞ்சம் கிச்சுக்கிச்சு மூட்டியது.

"போதையெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்ல சாறு. தைரியமாக் கொண்டு போவும்" என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கோடைமழை கொட்டியது. ஓடைகளில் தண்ணீர் வந்து, சுற்றுக் கிராமத்துச் சபையார் பாதிப்பேர் காலையில் வந்துசேர முடியவில்லை. பெரிய கூட்டத்துக்கென்று நிரப்பி வைத்திருந்த ரசம் முழுவதையும் ஐயர் அதற்குள் ஜெபித்துப் புனிதமாக்கிவிட்டார். ஜெபித்த ரசத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, கீழே கொட்டவும் கூடாது, அங்கேயே குடித்துத் தீர்க்கவேண்டும் என்பது அவர்கள் சபை முறையாம். ஐயர் வயசாளி. இரண்டு வாய்க்குமேல் அவரால் முடியவில்லை. மிச்சத்தைப் பீடத்தண்டையில் உதவிக்கு நின்ற சார்வாளிடம் கொடுத்துவிட்டார். நற்கருணையில் ஒரு வாய் தவிர மதுவைத் தொடாத மனிதர், வெறும் வயிற்றில், முழங்காலில் நின்று, பக்தியோடு பாத்திரத்தைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்தார்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று காலை நான் கண்டது, வெயில் இல்லாத தெருவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்துச் சார்வாள் வந்ததைத்தான். தம் வீட்டுக்குப் போகாமல் என் வாசல்படியில் பைய உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீரு பொய் சொல்லிட்டீரு வே" என்றார்.

குடையை மடக்கிப் படியோரம் சாய்த்தார்.

"கமிட்டியில கேட்டாங்க, போதை இல்லன்னு யாரு சொன்னான்னு. தெரிஞ்சவரு ஒருத்தரு பாத்துச் சொன்னாருன்னேன். உம்ம பேரச் சொல்லல. உம்ம வார்த்தைய நம்பித்தான் வே அதக் கோயிலுக்குக் கொண்டு போனேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து தெருவைக் கடந்து தம் வீட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாளே கமிட்டியைக் கூட்டி நடந்ததைச் சொல்லிவிட்டார். ஐயர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். முன்னெல்லாம் வைத்ததும் ஒயின்தானே, இதுவும் ஒயின், இதில் என்ன குற்றம் என்றாராம். சார்வாள் கேட்கவில்லை. சொன்ன சொல்படி காரியதரிசிப் பதவியை விட்டுவிட்டார். அடுத்த மாதம் முதல் தேதி அட்டை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தெருவில் கண்டால் சௌக்கியமா என்று கேட்பார், அவ்வளவுதான். வாழைத்தோப்பில் நான் ஒரு போர்ட்டைப் புகழ்ந்தபோது வக்கீல் அப்படியே நம்பித் தலையாட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த வருஷம் தூத்துக்குடிக்குப் போன பல தடவை புட்டி வாங்காமலே திரும்பினேன்.

அடுத்த ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும். ஒரு பிற்பகலில் சார்வாள் செம்போடு வந்து நின்றார். சபையார் கேட்டுக்கொண்டதால் மறுபடியும் காய்ச்சினாராம்.

"புதுப் பானைதான். இந்தத் தடவ நெசத்தச் சொல்லும்" என்றார்.

தம்ளரை எடுத்துவந்து ஊற்றிக் குடித்தேன். பானை மாறியிருந்தது, பங்குனி வெயில் மாறவில்லை. ரசம் போன வருஷத்தைவிடவும் உயர்வாக இருந்தது. அதை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

"போதை இருக்கு சார்வாள். நல்லாவே இருக்கு. நான் குடிச்சதுலயே இதுதான் உசத்தி."

அவர் தலையை ஆட்டினார். என்னையும் கூட்டிக்கொண்டு தம் வீட்டுக் கொல்லைக்குப் போய், பானையைத் தூக்கி வேப்பமரத்து மூட்டில் கொட்டினார். வாசனை முகத்தில் அடித்தது. வக்கீல் அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பார். எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, "கடையில வாங்குததுன்னா எதை வாங்கட்டும்?" என்று கேட்டார்.

"கடைச் சரக்குலயும் போதை இருக்குமே."

"இருக்கட்டும். இருக்குன்னு சொல்லி வச்சா ஒண்ணும் இல்ல. இல்லன்னு சொல்லி வச்சதுதான் வே எனக்குத் தாங்கல."

தூத்துக்குடிக் கடையில் நாங்கள் வழக்கமாக வாங்குகிற மலிவான போர்ட்டைச் சொன்னேன். கருப்புப் புட்டி, அரக்கு முத்திரை, திறந்து வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாது, அதிக விலைக்குப் போகவேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சட்டைப் பையில் துழாவி ஒரு பென்சிலையும் ஒரு அட்டையையும் எடுத்தார். அது கையெழுத்துப் போடாத பழைய பிரமாண அட்டை. ஒரு வருஷமாக எனக்குக் கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் நான் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"வேற யார்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டுக்கிடுமே" என்றேன்.

"எதுக்கு? நீரு சொன்னாச் சரி" என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.