படத்திலிருந்து படிப்பவர்

ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்து, கட்டுரையின் முதல் தாளை உருவித் தன் கைப்பைக்குள் திணித்துக்கொள்கிறார் ஸ்நேகா. பதினான்கு பிரதிகளுக்கும் இதே கதி. கட்டுரையின் சுருக்கம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அது கண்ணில் பட்டால் பிள்ளைகள் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. "அவங்க இன்னா சொல்றாங்கன்றது அப்பறம். மொதல்ல படத்தப் பாருங்க. உங்களுக்கு இன்னா தோணுது?"

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், முதுகலை வேதியியல் மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கக் கற்றுத் தருகிறார். வயது முப்பத்துமூன்று. அப்பா இம்மானுவேல் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். வகுப்பு தொடங்கும்போது ஆங்கிலமும் திருத்தமான தமிழும் பேசுகிற ஸ்நேகா, சுவாரஸ்யம் ஏற ஏற வீட்டுப் பேச்சுக்கு வந்துவிடுவார். கட்டுரையில் 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' என்று வரும் இடங்களையெல்லாம் பச்சைப் பேனாவால் வட்டமிடச் சொல்வார். வட்டங்கள் பெருகினால், "ஆளு பயந்துக்கினே எழுதிக்கிறாரு" என்பார்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் வகுப்புக்குப் போயிருந்த அன்று பழவேற்காடு ஏரியைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் ஸ்நேகாவின் முனைவர் பட்ட வழிகாட்டி. அவர் கையெழுத்துக்காக ஸ்நேகாவின் ஆய்வேடு ஐந்து மாதமாகக் காத்துக் கிடக்கிறது. கட்டுரையின் இரண்டாவது படத்தில் இரண்டு பட்டைகள்: ஏரி நீரில் மே மாதத்து உப்பு, நவம்பர் மாதத்து உப்பு.

கடைசி பெஞ்சில் இருந்த தேவதர்ஷினி கையைப் பாதி தூக்கினாள். ஏரிக்கரை மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். வகுப்பில் அவள் பேசி யாரும் கேட்டதில்லையாம்.

"மேம், இது தப்பா கீது. நவம்பர்ல மழத்தண்ணி எறங்கி ஏரி சப்புன்னு பூடும். மே மாசந்தான் வாயில வெக்க முடியாது. இதுல நவம்பர் பட்டை ஒசரமா கீது."

முன்வரிசைச் சரவணன் சிரித்துவிட்டான். "ஜர்னல்ல வந்ததே தப்பா?"

ஸ்நேகா சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்து அட்டவணையைப் புரட்டினார். எண்கள் சரியாகவே இருந்தன. படத்தில் மாதங்களின் பெயர்தான் இடம் மாறியிருந்தது. பச்சைப் பேனாவால் அவற்றை மாற்றி எழுதினார். "மூணு வருஷமா இத நடத்திக்கினு வரேன். என் கண்ணுல படல."

வழிகாட்டிக்கு எழுதுவீர்களா என்று பிறகு கேட்டேன்.

"கையெழுத்து மாட்டிக்கினு இருக்கறப்போ சாருக்கு தப்புன்னு எழுதறது பேஜாருதான். எழுதலன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிய எப்டிப் பாக்கறது?"

வகுப்பில் வாசிக்கும்போது தெரிய வந்தது என்று நான்கு வரியில் அன்றைக்கே எழுதி அனுப்பினார்.

எட்டாம் நாள் பதில் வந்தபோதும் நான் பக்கத்தில் இருந்தேன். வழிகாட்டி தவறை ஒப்புக்கொண்டிருந்தார். திருத்தம் வெளியாகுமாம். 'உன் கண் கூர்மை. திருத்தக் குறிப்பில் உன் பெயரைப் போட்டு நன்றி சொல்கிறேன்' என்று முடித்திருந்தார். ஆய்வேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஸ்நேகா அதை இரண்டு முறை படித்தார். பிறகு தேவதர்ஷினியை ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார்.

"உனுக்கு இனிஷியல் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. எதுக்கு மேம்?"

"கண்டுபுடிச்சது யாருன்னு சாருக்குச் சொல்லணும். நீயே அடி, ஸ்பெல்லிங் மாறிடப் போவுது" என்று மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.