பூட்டுக்காரரின் நிதானம்

பூட்டுக்காரர் நினைத்தால் எந்தப் பூட்டையும் கண் இமைக்கும் நேரத்தில் திறந்துவிடுவார். ஆனால் நினைக்கமாட்டார். பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிற புருஷனும் பெண்டாட்டியும் சாவியைத் தொலைத்தது யார் என்று ஆரம்பிப்பார்கள். பிறகு போன வருஷத்துச் சண்டை, அப்புறம் மாமியார். பாதிச் சண்டையில் கதவைத் திறந்துவிட்டால் மீதியை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அதனால் அவர்கள் ஓய்கிறவரை கம்பியை விட்டுச் சும்மா குடைந்துகொண்டிருப்பார். "சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பேரா?" என்பாள் அவர் மனைவி.

அன்று மூன்றாவது மாடியில் நின்ற இரண்டு பேரும் சண்டையே போடவில்லை. அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பெண் கையில் ஒரு காலிப் பெட்டி இருந்தது.

"ஒரு வாரமா அக்கா வீட்லதான் இருக்கேன். இனிமே அங்கேயேதான். துணிமணி எடுக்க வந்தா, இவரு சாவியைத் தொலைச்சிட்டாராம். சீக்கிரம் திறங்கண்ணே" என்றாள்.

கணவன் டார்ச் பிடிக்கிற சாக்கில் குனிந்தான். "மெதுவாவே திறங்கண்ணே" என்று காதைக் கடித்தான்.

பூட்டுக்காரருக்குப் பாவமாகிவிட்டது. கம்பியை இப்படித் திருகினார், அப்படித் திருகினார். பூட்டு தன் பாட்டுக்கு ஒருமுறை திறந்தேவிட்டது. சத்தமில்லாமல் திரும்பப் பூட்டிவைத்தார்.

"டார்ச்சை எங்க காட்டறீங்க? பூட்டு கீழ இருக்கு!" அவள் வெடித்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? அடுப்பை அணைக்கத் தெரியுமா, குழாயை மூடத் தெரியுமா? ஒரு வாரம் நான் இல்லாம வீடு என்ன ஆச்சோ!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எப்ப சொன்னீங்க? நீங்க எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்க?"

பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேண்டாதவனை யார் இவ்வளவு மெனக்கெட்டுத் திட்டுவார்கள்?

கணவனுக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினான். கூடவே வந்த சாவி கணீரென்று தரையில் விழுந்தது.

பூட்டுக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"நீ வந்த உடனே துணியை எடுத்துக்கிட்டுப் போயிடுவியேன்னு..." கணவன் மென்று விழுங்கினான். முகத்தில் அசடு வழிந்தது.

அவள் குனிந்தாள். சாவியைப் பொறுக்கிக் கதவைத் திறந்தாள். திறந்த சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இது இனிமே எங்கிட்டயே இருக்கட்டும். நகருங்க, அடுப்படி எந்த லட்சணத்துல கிடக்குன்னு பார்க்கறேன்."