எந்தக் கொறே?

லலிதா அக்காவின் கணவர் போனில் அழைத்தபோது கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "செல்வம், லலிதா போயிட்டா. கார்த்தால நெஞ்சைப் பிடிச்சுண்டா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுடுத்து" என்றார். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வலியசாலையில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

பழவங்காடியில் எங்கள் வாட்ச் கடைக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். கண்ணில் லென்ஸும் நெற்றியில் சந்தனமுமாக ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருடம் பக்கத்து மேஜை என்னுடையது.

திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த முதல் மாதம், ஒரு பெரியவர் சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்து, "கொறே நேரம் ஓடும், பின்னே நிக்கும்" என்றார். குறைவு என்கிறார் போல என்று நினைத்து, 'கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது' என்று கவரில் எழுதிக்கொண்டேன். அப்படியானால் அழுக்குதான் என்று பிரித்துக் கழுவி எண்ணெய் வைத்தேன். மதியம் முழுக்க ஓடியது. கொடுத்தனுப்பினேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அவர் கத்திய கத்தலில், வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா கவரைப் படித்தார். எத்தனை மணிநேரம் ஓடுகிறது என்று மலையாளத்தில் கேட்டார். பகல் முழுக்க ஓடும் என்றார் பெரியவர். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அசடே, இங்க கொறேன்னா நிறையவாக்கும்!" முள்ளை மெல்லத் திருப்பினார். தேதி மாறும் பன்னிரண்டில் சிக்கியது. தேதிச் சக்கரத்தில் ஒரு பல் வளைந்திருந்தது. "திறக்கறதுக்கு முன்னாடி கொண்டுவந்தவாகிட்ட கேளு" என்றார். வெளியே போயிருந்த முதலாளியிடம் இதைப் பற்றி அவர் கடைசிவரை மூச்சுவிடவில்லை.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டு. கொறே சாயா போதும் என்பார். "எந்தக் கொறேக்கா?" என்பேன். "திருநெல்வேலிக் கொறே" என்று அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்.

போன மாதம் ஒரு மதியம் லென்ஸைக் கழற்றிவிட்டு இடது தோளை அழுத்திக்கொண்டார். "என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. கொறே நாளா ஒரு பிடிப்பு."

"எந்தக் கொறே?"

சிரித்தார். அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு நானும் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கைப்பையில வலி மாத்திரை அட்டை அஞ்சாறு காலியா கிடக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாங்க" என்றேன்.

நேற்று ஒரு பெண் தன் அப்பாவின் வாட்ச்சைக் கொண்டுவந்தாள். கொறே நேரம் ஓடி நிற்கிறதாம். "எத்தர மணிக்கூர்?" என்று கேட்டு, அவள் சொன்ன எண்ணைக் கவரில் எழுதினேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். வருகிற எல்லோரிடமும் ஒழுங்காகக் கேட்கிறேன். அவரிடம் மட்டும் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.